அடுப்புச்சாமி வாயைத் திறந்தபோது

ஹுவாங்யா ஊரில் மழை பெய்யாவிட்டால் மழைராஜாவைத் தூக்கிக்கொண்டு வந்து வெயிலில் போடுவார்கள். இதில் சாமியை அவமதிக்கிற எண்ணம் யாருக்கும் கிடையாது. சீனத்தின் வடக்கே, விரல் பட்டாலே உதிர்கிற மஞ்சள் மண் குன்றுகளைக் குடைந்து அதற்குள் வீடு கட்டி வாழும் அந்த ஊர்க்காரர்கள், குளுகுளுவென்ற கோயிலுக்குள் பட்டு உடுத்தி ஊதுபத்தி வாசம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு வெளியே என்ன காய்ச்சல் காய்கிறது என்று எப்படித் தெரியும் என்று நியாயமாக யோசித்து, டிராகன் முகமும் மனித உடம்பும் தங்க மீசையுமாக இருக்கும் அந்த மரச்சிலையை நாலு பேர் சுமந்து வந்து, ஊர் நடுவில் நூடுல்ஸ் கடைக்கு எதிரே, நிழல் விழாத இடமாகப் பார்த்து இறக்கிவைப்பார்கள். சில நாளில் சாமிக்கும் சுரீரென்று உறைத்து, மழை வந்துவிடும். பிறகு பூசாரி புதுப் பெயின்ட் அடித்து மன்னிப்புக் கேட்டுக் கோயிலுக்குள் கொண்டுபோய் வைப்பார், சாமியும் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிடுவார். இப்படித்தான் காலங்காலமாக இரண்டு தரப்புக்கும் ஒத்துப்போய்க்கொண்டிருந்தது.

தொடர்ந்து மூன்றாவது வருஷமும் வானம் கைவிரித்த அந்தக் கோடையில், வெயிலில் வைக்கப்பட்ட மழைராஜாவின் பெயின்ட் பொரிந்து, மூக்கின் தோல் உரிந்து, தங்க மீசை சுருண்டு, ஒருநாள் மத்தியானம் அவர் எழுந்து சாலையைக் கடந்து நூடுல்ஸ் கடைக்குள் போய் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

கடைக்காரர் சாங் மேஜையைத் துடைத்தார். "தண்ணி இல்ல சாமி. அதுக்குத்தானே உங்கள வெயில்ல போட்டோம்."

ஊர் கூடிவிட்டது. சிலை எப்படி நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. நடக்க முடிகிறவர் இத்தனை வருஷமாக நாலு பேரைச் சுமக்கவிட்டாரே என்பதுதான் சுமந்தவர்களின் ஆத்திரம். மற்றவர்களுக்கு, தண்டனை முடியும் முன்னே அவர் நிழலுக்கு வந்தது சரியா என்பது பிரச்சினை. ஊர்த்தலைவர் லியூ, எந்தக் கூட்டத்திலும் தொண்டையைச் செருமாமல் பேச்சைத் தொடங்காதவர், தொண்டையைச் செருமி, சாமி கடை வாசலில் பாதி உடம்பு வெயிலிலும் பாதி உடம்பு நிழலிலும் இருக்கும்படி உட்காரலாம் என்று தீர்ப்புச் சொன்னார். சாமியும் முக்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"என்னைக் காய வச்சு என்னப்பா பிரயோஜனம்?" என்றார் மழைராஜா, அரைக் குவளை நூடுல்ஸ் தண்ணீரைக் குடித்து முடித்த பிறகு. "நானா ஒரு சொட்டு விட முடியுமா? மேலேர்ந்து உத்தரவு வரணும், முன்னெல்லாம் கேட்டா வந்துது. இப்ப இந்த ஊர் பத்தி மேல என்ன சேதி இருக்கு தெரியுமா? 'ம்ம்ம்.' அவ்வளவுதான். வருஷா வருஷம் 'ம்ம்ம்.' அங்க இருக்கறவங்க, சரி, ஊர் நல்லாத்தான் இருக்குன்னு அடுத்த ஊரைப் பாக்கப் போயிடறாங்க."

இந்த இடத்தில் அடுப்புச்சாமியைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை புரியாது. அங்கே ஒவ்வொரு வீட்டிலும் அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு சாமி படம் ஒட்டியிருக்கும். வருஷம் பூராவும் அந்தக் காகிதச் சாமி புகைக்குள் உட்கார்ந்து, வீட்டில் யார் யாரை அடித்தார்கள், யார் யாருக்குத் தெரியாமல் எதைத் தின்றார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். வருஷக் கடைசியில் படத்தைக் கிழித்து எரிப்பார்கள். சாமி புகையோடு மேலே போய்ப் பார்த்ததையெல்லாம் சொல்லுவார். புதுப் படம் ஒட்டியதும் அதே சாமி பழைய கணக்கு எதையும் மறக்காமல் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவார். எரிப்பதற்கு முன்னால் அவர் வாயில் பாகு தடவுவது வழக்கம். நல்ல வார்த்தை சொல்லட்டும் என்று ஒரு துளி, சம்பிரதாயத்துக்கு. மற்ற ஊர்களில் அதோடு சரி. ஹுவாங்யாவின் பாக்கியம், அங்கே லான்ஹுவா இருந்தாள்.

லான்ஹுவா பாகு காய்ச்சுகிறவள். பார்லியை முளைக்கவிட்டு, நசுக்கி, தினைச் சோற்றோடு ஊறவைத்து, வடித்து, காய்ச்சி, கொக்கியில் மாட்டி அவள் இழுக்க ஆரம்பித்தால் பழுப்புப் பாகு வெள்ளிபோல வெளுத்துவிடும். அவள் பாகைத் தின்று பல் விழுந்தவர்கள் இருக்கிறார்கள். நாற்பத்தைந்து வயது, புருஷன் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன இடத்தில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான், பதினெட்டு வயதில் ஒரு வளர்ப்பு மகள், பெயர் ஷின்லி. தெற்கே எங்கோ வெள்ளத்தில் செத்துப்போன தூரத்துச் சொந்தக்காரர்களின் பிள்ளை என்று ஊருக்குச் சொல்லியிருந்தாள்.

ஊர் முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. "உன் பாகால வந்த வினை!" என்றது ஒரு குரல்.

"நானா வீடு வீடா வந்து தடவினேன்?" லான்ஹுவா இடுப்பில் கை வைத்தாள். "'இன்னும் கொஞ்சம் கெட்டியா குடு லான்ஹுவா, இந்த வருஷம் கொஞ்சம் ஜாஸ்தியாவே குடு லான்ஹுவா'ன்னு கிண்ணத்தோட வந்து நின்னது யாரு? பேர் சொல்லட்டுமா?"

பேர் சொல்ல வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டுக்கொண்டார்கள்.

பாகு தடவாமல் ஒரு வீட்டுச் சாமியை அனுப்புங்கள், எந்த நாளில் எரித்தாலும் புகை மேலேதான் போகும் என்றார் மழைராஜா. ஆனால் அதில் ஒரு சங்கடம் இருக்கிறது என்றும் சொன்னார். ஆதியில் வானத்துக்கு இடி கிடையாது. அடுப்புச்சாமிகள் மேலே போய்ப் பேசத் தொடங்கிய பிறகுதான், அந்தப் பேச்சு மேகத்தில் மோதிக் கீழே உருண்டு வருவதற்கு மனிதர்கள் இடி என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்தில் இடி தெளிவான வார்த்தைகளில், சொன்னவர் குரலிலேயே கேட்கும். எவன் வீட்டு விஷயமும் மூன்று ஊருக்குக் கேட்கும். அதனால்தான் ஜனங்கள் பாகைக் கண்டுபிடித்தார்கள். இப்போது உலகத்தில் கேட்கிற குழறலான இடியெல்லாம் பாகு ஒட்டிய வாயோடு பேசுகிற பேச்சு. ஹுவாங்யாவில் அந்தக் குழறல்கூட இல்லை.

கேட்டு முடித்ததும் ஊரில் ஒவ்வொருவருக்கும் அவசர வேலை வந்துவிட்டது.

"எனக்கு என்ன ரகசியம்? ஒண்டிக்கட்டை" என்று சாங் தன் சாமியைக் கொண்டுவந்து கடைவாசலில் எரித்தார். புகை போனது, ஒரு சின்ன மேகம் வந்தது, நேற்று நூடுல்ஸ் வேகவைத்த தண்ணீரிலேயே சாங் இன்றும் வேகவைக்கிறான் என்று இடி சொன்னது, தெருப் புழுதி அடங்குகிற அளவுக்குத் தூறியது. "ஊருக்கே தெரிஞ்ச விஷயத்துக்கு இவ்வளவுதான் பெய்யும்" என்றார் மழைராஜா. "பெரிசா இருந்தா பெரிசா பெய்யும். ஒருத்தருக்கும் தெரியாததா இருந்தா இன்னும் நல்லது."

அப்புறம் ஊர் இதற்குப் பழகிவிட்டது. முதலில் கோழி திருடியவர்கள் வந்தார்கள். பிறகு வரப்பை நகர்த்தியவர், டோப்பா வைத்திருந்த வாத்தியார், மாமியார் பாதத்தில் விழுந்து ஆசி வாங்கிவிட்டு எழும்போது மனசுக்குள் திட்டிய மருமகள். ஒவ்வொன்றுக்கும் வாளிக் கணக்கில் பெய்தது. வீட்டுக்கு வீடு பாத்திரம் ஏந்திக்கொண்டு வாசலில் நின்று, தண்ணீரும் பிடித்தார்கள், வம்பும் கேட்டார்கள், ஒரே அலைச்சலில் இரண்டு வேலை முடிந்தது. யாராவது ஒரு பெண் தெருவில் தலை குனிந்து நடந்துபோனால், இவள் வீட்டு விஷயம் ஒரு தொட்டி நிறையும் என்று மற்ற பெண்கள் கண்ணாலேயே அளந்தார்கள். ரகசியமே இல்லாத ஒருவன் மானம் போகிறதே என்று தன் சாமியிடம் இல்லாத கள்ளக்காதல் ஒன்றைச் சொல்லி அனுப்பினான். மேலே சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. மழைராஜா இதிலெல்லாம் பட்டுக்கொள்ளாமல் சாங்கோடு சதுரங்கம் ஆடினார், தோற்கிற மாதிரி இருந்தால் காய்களை அங்கியின் கைக்குள் ஒளித்தார்.

ஆனால் வாளித் தண்ணீரில் தினை விளையாது. சின்ன ரகசியங்கள் தீர்ந்துபோயின. விதைக்கிற பருவம் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது, கிணற்றில் சேறு மட்டும் வந்தது, நாலைந்து குடும்பங்கள் மூட்டை கட்ட ஆரம்பித்தன. அப்போதுதான் தலைவர் லியூ தொண்டையைச் செருமினார்.

"நாளைக்குக் காலையில என் வீட்டுச் சாமியை எரிக்கிறேன். தலைவர் வீட்டுல மறைக்க ஒண்ணும் இல்லைன்னு ஊர் தெரிஞ்சுக்கட்டும்."

ஒன்றுமில்லாத வீட்டுச் சாமியால் மழை எப்படி வரும் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கைதட்டினார்கள். தட்டாமல் நின்றவள் அவர் மனைவி குய்ஃபென். அவள் கூட்டம் கலைவதற்குள் லான்ஹுவாவின் சமையலறையில் இருந்தாள்.

"பாகு குடு" என்றாள், மூச்சு வாங்க. "இருக்கறதுலயே கெட்டியானது. அவர் குளிக்கப் போறப்போ எங்க வீட்டுச் சாமி வாயில அப்பிடறேன்."

"அக்கா, உக்காருங்க."

"உக்கார நேரமில்ல லான்ஹுவா. நாளைக்கு அது எல்லாத்தையும் சொல்லிடும். அந்தப் புள்ளை கேக்கும்."

அந்தப் பிள்ளை அப்போது வெளியே முற்றத்தில் பார்லி காயப்போட்டுக்கொண்டிருந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், பொட்டைப் பிள்ளை பிறந்தால் இந்த வாசல்படி ஏறாதே என்று லியூ சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் அரசாங்கச் சட்டப்படி ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளைதான், அந்த ஒன்று பையனாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அம்மா வீட்டில் பிரசவித்துவிட்டுத் திரும்பிய குய்ஃபென், பிள்ளை செத்துப் பிறந்தது என்று சொல்வதற்காக, உயிரோடு இருந்த பிள்ளையைத் துணியில் சுற்றி ஊரெல்லையில் தர்பூசணி வயலில் வைத்துக்கொண்டு, வைக்கவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள். பார்லி வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்தவள் லான்ஹுவா. அன்றைக்கு அவள் அடுப்படியில் உட்கார்ந்துதான் குய்ஃபென் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். வெள்ளமும் தூரத்துச் சொந்தமும் அவள் கட்டிய கதை. வருஷா வருஷம் வெள்ளத்தில் போன அப்பா அம்மாவுக்காக ஷின்லி ஊதுபத்தி கொளுத்துவாள். குய்ஃபென் பழம் கொண்டுவந்து கொடுப்பாள். தன் திவசத்துக்குத் தானே பழம் கொடுத்தவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

லான்ஹுவா பாகுக் கரண்டியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள்.

"உங்க சாமி வாயை அடைச்சிரலாம் அக்கா. அப்புறம் விதைக்க மாட்டோம். ஊரே காலியாகும். நீங்க ஒரு பக்கம் போவீங்க, நாங்க ஒரு பக்கம் போவோம். அவளை நீங்க பாக்கவே முடியாது."

குய்ஃபென் முற்றத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லித்தான் ஆகணும்னா என் வீட்டுச் சாமி சொல்லட்டும். என் பொண்ணு கதையை இன்னொரு வீட்டு அடுப்பு சொல்ல வேணாம். விடிஞ்சதும், அவர் எரிக்கறதுக்கு முன்னாடி நான் எரிச்சிடறேன். வீட்டுக்குப் போங்க."

சாயங்காலம் முற்றத்தில் மகளோடு பார்லி அள்ளிக்கொண்டே லான்ஹுவா எல்லாவற்றையும் சொன்னாள். வாசல்படி, தர்பூசணி வயல், வராத வெள்ளம். ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். ஷின்லி அள்ளுவதை நிறுத்தவில்லை. மூட்டையைக் கட்டி முடித்துவிட்டு, "இத்தனை வருஷமா யாருக்கு ஊதுபத்தி கொளுத்தினேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் சங்கதி மூக்கில் வியர்த்து ஊர் முழுக்கப் பாத்திரங்களோடு லான்ஹுவா வீட்டு முன்னால் கூடியிருந்தது. தன் முறையைத் தட்டிப் பறித்துவிட்டாளே என்று லியூவுக்கு முகம் கறுத்திருந்தது. லான்ஹுவா அடுப்புக்கு மேலிருந்த படத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளை அறியாமல் இன்னொரு கையில் பாகுக் கரண்டி இருந்தது. மகளிடம் சொல்லாமல் விட்ட அந்த ஒன்று நினைவுக்கு வந்தது. கரண்டி தானாகச் சாமியின் வாய்ப்பக்கம் போனது.

ஷின்லி கரண்டியைப் பிடுங்கினாள். இதை என்ன செய்வது என்று ஒரு கணம் பார்த்தாள், பிறகு பாகைத் தானே நக்கித் தின்றுவிட்டு, தீக்குச்சியைக் கிழித்துப் படத்தில் வைத்தாள். புகை நேராக மேலே போனது.

கறுத்த மேகம் ஒன்று குன்றுக்கு மேலே வந்து நின்று, ஊர்த்தலைவர் தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு தரம் செருமியது. பிறகு லியூவின் குரலிலேயே, இளமைக் குரலில், "பொட்டைப் புள்ளைன்னா இந்த வாசப்படி ஏறாத" என்றது. மேகத்துக்குள்ளிருந்து குய்ஃபென் அழுதாள். லான்ஹுவாவும் அதற்குள்ளேயே வெள்ளக் கதையை ஒத்திகை பார்த்தாள். மழை நிதானமாகப் பெய்தது, பாத்திரங்கள் நிறைந்தன. ஷின்லி நனைந்தபடி நிமிர்ந்து நின்றாள். இவ்வளவும் அவளுக்கு நேற்றே தெரியும்.

அப்போது இடி இன்னொன்றையும் சொன்னது. பிள்ளைக்கு ஒரு மாதம் ஆனபோது, என்ன ஆனாலும் ஆகட்டும், வீட்டை விட்டுத் துரத்தினாலும் பரவாயில்லை என்று குய்ஃபென் இதே சமையலறைக்கு வந்து, மார்பில் பால் கட்டி ஜுரத்தோடு நின்று, "என் புள்ளையைக் குடுத்துடு" என்று கேட்டதும், லான்ஹுவா கதவுக்குக் குறுக்கே நின்று, "எந்தப் புள்ளை? உன்னுது செத்துப்போச்சுன்னு நீதானே ஊருக்குச் சொன்ன?" என்று திருப்பி அனுப்பியதும் ஹுவாங்யாவின் மேலே உருண்டு உருண்டு போனது. வானம் பொத்துக்கொண்டது. வரப்பு தெரியவில்லை, வாளி தெரியவில்லை, மூன்று வருஷத்து மழையும் மொத்தமாக இறங்கியது. பயமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"என்ன சொல்லுச்சு?" என்று ஒருத்தர் கேட்டார்.

"கேக்கலியே" என்றார் லியூ. அவர்தான் முதலில் சொன்னார். "காதுல தண்ணி போயிடுச்சு." உடனே எல்லோருக்கும் காதில் தண்ணீர் போனது. கோழி திருடியவர்கள், வரப்பு நகர்த்தியவர், டோப்பா இழந்த வாத்தியார், எல்லோரும் தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தட்டிக்கொண்டார்கள். பெரிய மனசுதான். அடுத்த தடவை யார் வீடு என்று யாருக்குத் தெரியும்? லியூ மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, வாய்க்காலை வெட்டிவிட வேண்டும் என்று யாரையும் பார்க்காமல் போய்விட்டார். ஷின்லி அவர் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பார்க்க ஒன்றுமில்லை என்று திரும்பிக்கொண்டாள்.

மழைராஜா, வேலை வந்துவிட்டதே என்று முனகிக்கொண்டே எழுந்து, ஜெயிக்கிற நிலையில் இருந்த சாங்கின் பலகையைக் கை பட்டதுபோல் கவிழ்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மேகத்துக்குள் ஏறிப் போனார்.

மழை விடவே இல்லை. ஊர் விதைத்தது. ஷின்லி யாரோடும் பேசவில்லை. வேலையெல்லாம் செய்தாள், சாப்பிட்டாள், பேச்சு மட்டும் இல்லை. குய்ஃபென் தினமும் காலையில் வந்து, யாரும் கூப்பிடாமலே, லான்ஹுவாவின் அடுப்படியில் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்லி புடைத்தாள். லான்ஹுவா அவள் முகத்தைப் பார்க்காமல் பாகு கிண்டினாள். இவள் என் பெண்ணைக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தாள், இந்தத் தடவை கேட்டால் கொடுக்காமல் இருக்க எனக்கு வாய் இல்லை என்றும் நினைத்தாள். ஆனால் குய்ஃபென் எதுவும் கேட்கவில்லை.

அப்படி ஒரு காலையில், முற்றத்துக் கொட்டகை ஒரு பக்கமாகச் சரிகிற சத்தம் கேட்டது. கூடவே ஷின்லியின் குரலும் கேட்டது.

"அம்மா!"

இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். குய்ஃபென் மெதுவாக உட்கார்ந்தாள். அதைப் பார்த்த லான்ஹுவாவுக்கு, தனக்கு மட்டும் என்ன உரிமை இருக்கிறது என்று கால் நகரவில்லை, அவளும் உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் பாகு கொதித்து அடிப்பிடித்தது.

ஷின்லி தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்றாள். உட்கார்ந்திருந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"கூப்பிட்டா காது கேக்காதா? பார்லி மூட்டை நனையுது. ஒரு ஆளு தூக்கற கனமா அது? ரெண்டு பேரும் வாங்க."